புக்காராவும் அவ்ரோவும்: தென் அத்திலாந்திக்கில் மோதிய ஆயுதங்கள் நம் வானத்துக்கு வந்த கதை



நமது பேச்சரங்கத்தில் போக்லாந்துப் போரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து, "பிரித்தானியாவும் ஆர்ஜென்ரீனாவும் எங்கேயோ கடலுக்குள்ள அடிபட்டதை நாங்கள் ஏன் அண்ணை கேக்க வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நிகழ்ச்சி முடிய ஒரு நிமிடமே இருந்ததால் "புக்காரா" என்ற ஒரு சொல்லை மட்டும் பதிலாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் படைத்துறை ஆய்வாளன் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு விமானத்தைப் பார்த்தால் அதன் வேகத்தைவிட, அதை விற்றவர் யார், உதிரிப்பாகம் யாரிடமிருந்து வருகிறது, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் என் கண் தேடும். இந்தக் கட்டுரையும் அந்தக் கண்ணோடுதான் எழுதப்படுகிறது.

1982 ஏப்ரல் 2ஆம் திகதி ஆர்ஜென்ரீனப் படைகள் போக்லாந்துத் தீவுகளில் இறங்கின. ஆர்ஜென்ரீனர் அத்தீவுகளை மல்வினாஸ் என்று அழைக்கிறார்கள். யூன் 14ஆம் திகதி அப்படைகள் சரணடைந்தன. 74 நாட்களில் ஆர்ஜென்ரீனர் 649 பேரும், பிரித்தானியப் படையினர் 255 பேரும், தீவுவாசிகள் 3 பேரும் இறந்தார்கள். இந்த எண்களை ஒருபுறம் வைத்துவிட்டு இரு தரப்பின் ஆயுதப் பட்டியல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடையில் சாமான் வாங்கிய இருவர் சண்டை பிடித்ததுபோல இருக்கும்.

ஆர்ஜென்ரீனாவின் விமானந்தாங்கிக் கப்பலான 'வெயின்ரிசிங்கோ டி மாயோ' ஒரு காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் 'வெனறபிள்'. அது ஒல்லாந்துக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து ஆர்ஜென்ரீனாவுக்குப் போனது. மே 4ஆம் திகதி எக்சோசெற் ஏவுகணை தாக்கி, பின்னர் மூழ்கிப்போன 'ஷெபீல்ட்' எந்த வகை நாசகாரிக் கப்பலோ, அதே வகையில் இரண்டு ஆர்ஜென்ரீனாவிடமும் இருந்தன. அவற்றை வடிவமைத்ததும் பிரித்தானியாவே. பிரித்தானியக் கப்பல்கள்மேல் ஆர்ஜென்ரீன விமானிகள் போட்ட ஆயிரம் இறாத்தல் குண்டுகளிலும் பிரித்தானியத் தயாரிப்புகள் இருந்தன. பழைய வாடிக்கையாளர் பழைய கடைக்காரரைச் சுட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் போரின் திறவுகோல் மூன்றாவது ஒரு கடைக்காரரிடம் இருந்தது. எக்சோசெற் பிரான்சின் தயாரிப்பு. விமானத்திலிருந்து ஏவும் எக்சோசெற்றுகள் போர் தொடங்கியபோது ஆர்ஜென்ரீனாவின் கைக்கு வந்திருந்தவை வெறும் 5. மிச்சத்துக்கு ஒப்பந்தம் இருந்தும் பிரான்ஸ் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அந்த ஐந்தோடு கணக்கு முடிந்தது. இன்னும் பத்து வந்திருந்தால் அந்தக் கடலில் என்ன நடந்திருக்கும் என்று பிரித்தானியத் தளபதிகளே கவலைப்பட்டிருப்பார்கள். ஆயுதம் வாங்குகிறவன் விமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறான்; அதைத் தொடர்ந்து ஓட வைக்கும் அதிகாரம் விற்றவனிடமே தங்கிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு இனி நம் பக்கம் வருவோம்.

ஜே.ஆரின் வாக்கு

1982 நவம்பர் 4ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. போக்லாந்து விவகாரத்தை இரு நாடுகளும் பேசித் தீர்க்கவேண்டும் என்பதே அதன் சாரம். 90 நாடுகள் ஆதரித்தன, 52 நாடுகள் ஒதுங்கி நின்றன, 12 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்த பன்னிரண்டில் பிரித்தானியாவும் ஒன்று. அதனோடு சேர்ந்து கை தூக்கிய சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. அணிசேரா நாடுகளின் தலைமைப் பதவியை 1970களின் பிற்பகுதியில் வகித்த ஒரு நாடு, அணிசேரா நாடுகள் பலவும் நின்ற பக்கத்தை விட்டு லண்டன் பக்கம் போய் நின்றது. ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசுக்கு அப்போது மகாவலித் திட்டத்துக்குப் பிரித்தானியப் பணம் வந்துகொண்டிருந்தது. விக்ரோரியா அணைக்கட்டைத் திறந்துவைக்க 1985 ஏப்ரலில் மார்கிரற் தச்சர் நேரில் வந்தார்.

அதே 1980களில்தான் கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் நிறுவனத்தின் ஆட்கள் இலங்கையில் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தார்கள், உலங்குவானூர்திகளையும் ஓட்டினார்கள். 'அது தனியார் நிறுவனம், எங்களுக்குத் தொடர்பில்லை' என்பதுதான் லண்டனின் நிலைப்பாடாக இருந்தது. கூலிப்படையினர் செய்ததாகச் சொல்லப்படும் போர்க்குற்றங்கள் பற்றி லண்டன் பெருநகரப் பொலிஸ் விசாரணை தொடங்கியது 2020இல். முப்பத்தைந்து வருடம் கழித்து!

பிரித்தானியச் சாமான்கள் இலங்கைக்குப் புதியவை அல்ல. 1951இல் விமானப்படை தொடங்கியபோதே அது பிரித்தானிய அச்சில் வார்க்கப்பட்டது. பயிற்சிக்கென்று வாங்கிய 12 ஜெற் புறொவொஸ்ற் விமானங்கள் ஒரு கட்டத்தில் ஓட்டமில்லாமல் களஞ்சியத்தில் கிடந்தன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்ததும் அவற்றைத் தூசி தட்டி எடுத்துத் தெற்கில் சிங்கள இளைஞர்கள் மீது குண்டு போடப் பயன்படுத்தினார்கள். பயிற்சி விமானம் என்று எழுதி வாங்கிய ஒன்று எவ்வளவு சீக்கிரம் வேறு கணக்குக்கு மாறும் என்பதற்கு இது முதல் உதாரணம். சலடின், சரசின், பெரற் என்ற கவச வாகனங்களும் பிரித்தானியத் தயாரிப்புகளே. வடக்கின் வீதிகளில் அவற்றைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம்.

அடுத்தது அவ்ரோ. பிரித்தானியாவில் செய்த இரட்டை இயந்திரப் பயணிகள் விமானம் அது. படையினரையும் சாமானையும் பலாலிக்குக் கொண்டுவருவதே அதன் பிரதான வேலை. ஆனால் 1987 வடமராட்சி நடவடிக்கையின்போது அவ்ரோவிலிருந்து பீப்பாய்க்குண்டுகளை உருட்டிவிட்டதை அந்த ஊர்க்காரர் இன்றும் சொல்வார்கள். 'சகடை' என்ற பட்டப்பெயரைச் சிலர் அவ்ரோவுக்கு வைத்தார்கள், சிலர் சீனத்து விமானத்துக்கு வைத்தார்கள். எந்த ஊர், எந்த வருடம் என்பதைப் பொறுத்து அது மாறும். 1995 ஏப்ரல் 28, 29ஆம் திகதிகளில் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோக்கள் பலாலி அருகே புலிகளின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் எவரும் பிழைக்கவில்லை. தோளில் வைத்து ஏவும் ஏவுகணை வடக்கின் வானத்துக்கு வந்துவிட்டது என்று கொழும்புக்கு உறைத்தது அன்றுதான்.

புக்காரா என்ற கோட்டை

இனி அந்த ஒரு சொல். புக்காரா என்றால் தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் கோட்டை என்று பொருள். ஆர்ஜென்ரீனாவின் கொர்டோபா நகரிலுள்ள படைத்துறை விமானத் தொழிற்சாலை அதைக் கட்டியது. முதலில் பறந்தது 1969 ஓகஸ்ட் 20ஆம் திகதி. இரண்டு சுழலி இயந்திரங்கள், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டு, இயந்திரத் துப்பாக்கிகள் நாலு, ஏறத்தாழ ஒன்றரைத் தொன் குண்டு. குறுகிய ஓடுபாதையிலும் செம்மண் தரையிலும் இறங்கி ஏறும். வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான். ஜெற் விமானத்தோடு ஒப்பிட்டால் ஆமை.

இந்த ஆமை வேகம் குறைபாடு அல்ல, அது வேண்டுமென்றே வைத்தது. எதிரியிடம் விமானமும் இல்லை, விமான எதிர்ப்பு ஆயுதமும் அதிகம் இல்லை என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்ட விமானம் இது. மெதுவாகப் பறந்தால் தரையில் நடமாடுவதை நன்றாகப் பார்க்கலாம், திரும்பத் திரும்ப வந்து அடிக்கலாம். ஆர்ஜென்ரீனா இதை முதன்முதலில் போரில் பயன்படுத்தியது 1975இல், துக்குமான் மாகாணத்தில், தன் சொந்த நாட்டுக் கெரில்லாக்களுக்கு எதிராக. அதாவது தன் நாட்டு எல்லைக்குள் சண்டை பிடிக்கும் அரசுகளுக்கென்றே பிறந்த சாமான்.

1982இல் ஏறத்தாழ இரண்டு டசின் புக்காராக்கள் போக்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றில் ஒன்றுகூடப் பறந்து வீடு திரும்பவில்லை. மே 14-15ஆம் திகதி இரவில் பெபிள் தீவில் இறங்கிய பிரித்தானிய எஸ்.ஏ.எஸ். படையினர் தரையில் நின்ற 11 விமானங்களை அழித்தார்கள். அவற்றில் 6 புக்காரா. மே 21ஆம் திகதி ஒரு புக்காரா ஸ்ரிங்கர் ஏவுகணையால் வீழ்ந்தது. தோளில் வைத்து ஏவும் அந்த அமெரிக்க ஆயுதத்துக்கு அதுவே முதற் போர்க்களப் பலி. மே 28ஆம் திகதி ஒரு புக்காரா பிரித்தானிய உலங்குவானூர்தி ஒன்றை வீழ்த்தியதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மொத்தக் கணக்கு நட்டக் கணக்கு. தோளில் ஏவுகணை வைத்திருக்கும் எதிரிக்கு முன்னால் இந்த மெதுவான விமானம் நின்றுபிடிக்காது என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

அப்படியிருக்க, பத்து வருடம் கழித்து, 1990களின் தொடக்கத்தில், இலங்கை ஏன் அதை வாங்கியது? 1990க்குப் பின் போர் பெரிதாகிவிட்டது. சிறிய இத்தாலிய சியாமாசெற்றிகள் போதவில்லை. ஐ.நா.வில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிராகக் கை தூக்கிய அதே அரசு கொர்டோபாவிலிருந்து 4 புக்காராக்களை எடுத்தது. வாங்கிய காலத்தில் புலிகளிடம் அவற்றை வீழ்த்தக்கூடிய ஏவுகணை வெளிப்படவில்லை. ஆகவே துக்குமான் கணக்குச் சரி வரும், போக்லாந்துக் கணக்கு வராது என்று நினைத்திருக்கலாம். ஆர்ஜென்ரீனாவுக்கு வெளியே இந்த விமானத்தை வைத்திருந்த நாடுகள் உருகுவே, கொலம்பியா, இலங்கை ஆகிய மூன்றுதான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதன் சத்தத்தைப் படித்துக்கொண்டார்கள். ஹெலியா, பொம்பரா, புக்காராவா என்பதைக் காதை வைத்தே சொல்லிவிட்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறை அது. இப்போது அவர்கள் பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோற்-டெ-நேஜிலும் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

1995 யூலை 9ஆம் திகதி வலிகாமத்தில் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை தொடங்கியது. வீடுகளை விட்டு ஓடிவந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயில் வளவிலும் களைப்பாறிக்கொண்டிருந்தது. பின்னேரம் விமானப்படையின் குண்டுகள் அங்கே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; பெண்களும் பிள்ளைகளும் அதில் நிறைய. அன்று வந்தது புக்காரா என்றே ஊரின் நினைவு சொல்கிறது. இந்தச் சம்பவத்துக்காக எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. நம் நேயர்களில் நவாலியில் உறவை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விமானத்தின் நீள அகலத்தை நான் விளக்கத் தேவையில்லை.

ஐந்து நாள் கழித்து, யூலை 14ஆம் திகதி, புலிகளின் எதிர்த்தாக்குதலின்போது ஒரு புக்காரா ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 1982 மே 21ஆம் திகதி போக்லாந்தில் எழுதப்பட்ட பாடம் பதின்மூன்று வருடம் கழித்து வலிகாமத்தில் மறுபடி எழுதப்பட்டது. 1999 அளவில் இலங்கையில் புக்காராவின் காலம் முடிந்தது. இழப்பு ஒரு காரணம், உதிரிப்பாகம் மற்றக் காரணம்.

களஞ்சியக் கணக்கு

உதிரிப்பாகம் என்ற இடத்தில் என் தொழில் பேசத் தொடங்கும். மொன்றியலில் பழைய சாப் கார் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2011இல் சுவீடனில் அந்தக் கொம்பனி முறிந்த பிறகு ஒரு சின்னச் சாமானுக்குக்கூட ஊரெல்லாம் அலைய வேண்டியிருந்தது. காரின் விலை ஒரு தரம் கொடுப்பது. வைத்திருக்கும் செலவு வருடா வருடம் வருவது. விமானத்தில் இது பல மடங்கு. நாலு விமானம் வைத்திருந்தாலும் நாற்பது வைத்திருந்தாலும் தனியான களஞ்சியம், தனியான கருவிகள், தனியாகப் பயிற்சி பெற்ற பொறியியலாளர் வேண்டும். அந்த நிலையான செலவை நாலால் பிரித்தால் ஒரு விமானத்தின் தலையில் விழும் பாரம் தாங்காது. இலங்கை விமானப்படையோ பிரித்தானியா, இத்தாலி, சீனா, அமெரிக்கா, ஆர்ஜென்ரீனா, பிறகு 1996இல் இஸ்ரேலின் கிபிர், 2000இல் உக்ரேனிலிருந்து மிக்-27 என்று ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியது. கணக்காய்வாளர் ஒருவர் அந்தக் களஞ்சியத்துக்குள் போனால் தலையில் கைவைத்துக்கொண்டுதான் வெளியே வருவார். அந்தச் செலவையெல்லாம் கட்டியது யார் என்றால், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுத்த சகல இனத்துச் சனமும்தான். நாமும் உட்பட.

இன்னொரு விசயம். ஆர்ஜென்ரீன விமானம் என்று சொல்கிறோமே, அதன் இயந்திரம் பிரான்சின் அஸ்ரசூ. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை பிரித்தானியாவின் மார்ற்றின் பேக்கர். இஸ்ரேலின் கிபிருக்குள் இருந்தது அமெரிக்க இயந்திரம். அமெரிக்கா சம்மதிக்காமல் இஸ்ரேல் அதை எவருக்கும் விற்க முடியாது. ஆகவே 'எந்த நாட்டு விமானம்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது.

இந்தச் சங்கிலியின் ஒரு வளையம் நம் வீட்டுக்குக் கிட்ட, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. லொங்கேயில் உள்ள பிராற் அன்ட் விற்னி கனடாவின் புகழ்பெற்ற பி.ரி.-6 இயந்திரம் 1960களிலிருந்து உலகமெங்கும் ஐம்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. வடக்குக் கியூபெக்கின் பனிக்கிராமங்களுக்கு நோயாளரையும் சாமானையும் ஏற்றி இறக்கும் சிறிய விமானங்களில் இருப்பதும் அதுதான். நம் ஊர் வானத்தில் சுற்றிச் சுட்ட பெல்-212 உலங்குவானூர்தியில் இரண்டு பி.ரி.-6களை ஒன்றாகப் பிணைத்திருந்தார்கள். அந்த வகை உலங்குவானூர்தியை 1960களின் முடிவில் உருவாக்கத் தூண்டிய முதல் வாடிக்கையாளர்களில் கனடாவின் ஆயுதப்படையும் ஒன்று. 1988இலிருந்து பெல்-212இன் உற்பத்தியே நமது மிராபெலுக்கு வந்தது; இலங்கை 1980களின் நடுவில் வாங்கியவை அதற்கு முந்தியவை. குண்டு போட மாற்றியமைத்த சீனத்து வை-12 விமானத்தின் இயந்திரமும் பி.ரி.-6தான்.

இதைப் படித்ததும் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குச் சங்கடம் வரும். நம்மவர் பிள்ளைகள் இந்த விமானத் தொழிற்துறையில் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஒரு இயந்திரம் பெட்டியில் அடைத்து அனுப்பப்படும்போது அது அம்புலன்சில் பூட்டப்படுமா, குண்டு போடும் விமானத்தில் பூட்டப்படுமா என்று பெட்டிக்குத் தெரியாது. ஆனால் விற்பவருக்குச் சில வேளை தெரியும். 2012இல் இதே கொம்பனியும் அதன் அமெரிக்கத் தாய் நிறுவனமும் சீனாவின் தாக்குதல் உலங்குவானூர்தி ஒன்றுக்குப் பயன்பட்ட மென்பொருளை உரிமமில்லாமல் அனுப்பிய வழக்கில் 7 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டன. இயந்திரம் பொதுப்பாவனைச் சாமான், அதை ஓட்டும் மென்பொருள் படைச் சாமான் என்ற கோட்டில் அந்த வழக்கு நின்றது. அந்த மெல்லிய கோட்டின் மேல்தான் இந்த வியாபாரம் முழுக்க நடக்கிறது.

பிரித்தானியாவிலும் இதே கதை. 2009 போர் முடிந்த பிறகு, இலங்கைக்குக் கொடுத்த ஏற்றுமதி உரிமங்களை எல்லாம் மறுபடி பார்க்கவேண்டும் என்று பிரித்தானிய நாடாளுமன்றக் குழு சொன்னது. மே மாதம் போர் முடிந்தது, ஓகஸ்டில் குழு சொன்னது.

கனடாவில் இப்போது சட்டம் ஓரளவு இறுகியிருக்கிறது. ஆயுத வர்த்தக உடன்படிக்கை 2019 செப்ரெம்பர் 17ஆம் திகதி முதல் கனடாவுக்கு நடைமுறைக்கு வந்தது. மனிதாபிமானச் சட்டத்தைப் பாரதூரமாக மீறப் பயன்படும் ஆபத்துக் கணிசமாக இருந்தால் அமைச்சர் உரிமம் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு வருடமும் படைத்துறை ஏற்றுமதி அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வருகிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு டொலருக்குப் போனது என்று அதில் அட்டவணை இருக்கும். பல்கலைக்கழகத்தில் கணக்கியலோ அரசியலோ படிக்கும் நம் பிள்ளைகள் அதை ஒரு தரம் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான சாமான்களுக்கு உரிமம் தேவையில்லை, அதனால் அவை அந்த அட்டவணைக்குள் வருவதில்லை. அங்கே போய் வேறு விமானத்தில் பூட்டப்பட்டு மூன்றாம் நாட்டுக்குப் போனால் நம் அறிக்கையில் அது தெரியாது. கணக்கு மொழியில் சொன்னால், பெரிய ஒரு கொடுக்கல் வாங்கல் பேரேட்டுக்கு வெளியே நிற்கிறது.

விற்றவன் கையில் திறவுகோல் என்று முதலில் சொன்னேன். அது ஆர்ஜென்ரீனாவை இன்றுவரை விடவில்லை. 2020இல் அது தென்கொரியாவிடம் எப்.ஏ.-50 விமானம் வாங்கப் பார்த்தது. அதற்குள் ஆறு பிரித்தானியப் பாகங்கள் இருந்ததால் லண்டன் தடுத்துவிட்டது. பிரான்சிடம் எடுத்த ஐந்து பழைய சுப்பர் எத்தாந்தார்களும் பறக்கவில்லை, காரணம் அதே மார்ற்றின் பேக்கர் இருக்கைகளுக்கான பாகங்கள். கடைசியில் 2024இல் டென்மார்க்கிடம் 24 பழைய எப்-16 விமானங்களுக்கு ஒப்பந்தம் எழுதியது. அவற்றின் இருக்கை அமெரிக்கத் தயாரிப்பு. போக்லாந்தில் பிரித்தானியா நாலு ரைபூன் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலாக எதிரியின் விமானப்படையைக் கட்டுப்படுத்துவதில் அந்த நாலு விமானத்தைவிட ஒரு இருக்கையின் உதிரிப்பாகம் அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் எண்ணம். அப்படி ஒரு கடும் கண் 1980களில் இலங்கைக்குப் போன பெட்டிகள் மீதும் வைக்கப்பட்டிருக்கலாம். சொந்தப் படையினர் மீது திரும்பும் ஆயுதத்துக்கு மட்டும்தான் அந்தக் கண் திறந்தது.

ஆர்ஜென்ரீனா தன் புக்காராக்களை 2019இல் ஓய்வுக்கு அனுப்பியது. போக்லாந்தில் பிடிபட்ட ஒன்று இங்கிலாந்தில் கொஸ்பேர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இலங்கையின் புக்காரா ஒன்றை இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். நவாலியில் தேவாலயத்தைத் திருத்திக் கட்டினார்கள். ஒவ்வொரு யூலை 9ஆம் திகதியும் அங்கே திருப்பலி நடக்கிறது.